ஒன்றும் இல்லாத ரத்தம்

என் வேலை என்னவென்று அக்காவுக்கு விளக்க நான் செய்த முயற்சிகள் எல்லாம் எலியில் தொடங்கி எலியிலேயே முடிந்தன. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வைரஸின் புரதம் ஒன்றைச் செய்கிறோம் என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னேன்.

"வைரஸையா செய்யிறீங்க? இருக்கிறது போதாதா?"

முழு வைரஸ் இல்லை, அதன் உடம்பில் ஒரே ஒரு துண்டு, அது தனியாக யாரையும் ஒன்றும் செய்யாது என்றேன். அந்தத் துண்டுக்கான மரபணுவை, குடலில் வாழும் சாதாரண பக்டீரியா ஒன்றுக்குள் செருகிவிடுவோம். அது தன் பிழைப்போடு சேர்த்து எங்கள் புரதத்தையும் செய்து குவிக்கும். போதுமான அளவு குவித்த பிறகு அதை உடைத்து, எங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

"அப்ப அந்தப் பூச்சி?"

"செத்துப் போகும்."

"சரிதான். எங்க தோட்டம் மாதிரி," என்றாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் சிரிப்பது கேட்டது. என் ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாக எந்தக் கருத்தரங்கிலும் யாரும் சொன்னதில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பலாங்கொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறாள். நானும் அதே தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அதே அறையில் பிறந்தவள்தான். படிப்பில் கொஞ்சம் கெட்டிக்காரி என்பதால் என்னை மேலே தள்ளிவிட்டார்கள்; அவளை மலைக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டையும் செய்தது ஒரே வீடு என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. இடுப்பு கழன்று விழுவது போன்ற வலி. டெங்கு இல்லை என்று தாள் வந்தது. எலிக்காய்ச்சலும் இல்லை என்று இன்னொரு தாள் வந்தது. காய்ச்சல் விட்டுப் போனது, ஆனால் கணுக்கால் வீங்கத் தொடங்கியது. செங்குத்தான மலையில் கூடையோடு ஏறினால் மூச்சு வாங்கியது. நர்சரியில் கன்றுப் பைக்கு மண் நிரப்பும் வேலை கேட்டாள். அது சமதரையில் உட்கார்ந்து செய்யும் வேலை, அதற்குப் போட்டி அதிகம். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா எல்லாத் தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே," என்றார். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், எல்லார் முன்னிலையிலும், மலை வேலையை மேற்பார்க்கும் ஐயா இன்னும் தெளிவாகச் சொன்னார்.

"நோய்க்குப் பேர் இருந்தா டாக்டர் துண்டைக் கொண்டா, நர்சரி தாறேன். பேர் இல்லாத நோய்க்கு மலைதான்."

ஆக, அக்காவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஒரு பெயர். அந்தப் பெயர் கிடைத்தால் மலையிலிருந்து இறங்கலாம்; டவுன் ஆஸ்பத்திரியின் சிறுநீரகக் கிளினிக்கிலும் ஏற்றுக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் வீங்கிய காலோடு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கோ அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்வதுதான் வேலை. ஹன்டா என்று ஒரு வைரஸ். எலியின் மூத்திரத்தில் இருக்கும்; காய்ந்த பிறகு தூசியோடு மூக்கில் ஏறும்; காய்ச்சலைத் தரும்; சில பேருக்குச் சிறுநீரகத்தில் கை வைக்கும். எல்லாரும் அறிந்த எலிக்காய்ச்சலைப் போலவே தோன்றும், ஆனால் அது பக்டீரியா, இது வைரஸ். எலிக்காய்ச்சல் சோதனையில் இது அகப்படாது. வந்துவிட்டுப் போன வைரஸை உடம்பு மறப்பதில்லை. அதை எதிர்க்கச் செய்த எதிர்ப்பொருளை ரத்தத்தில் பல வருடம் வைத்திருக்கும். நாங்கள் செய்த புரதத்தை ஒரு பிளாஸ்டிக் தட்டின் சிறு குழிகளில் பூசி, ரத்தத்தின் தெளிந்த நீரை ஊற்றினால், எதிர்ப்பொருள் இருந்தால் வந்து ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மஞ்சள் நிறம் வரும். இல்லாவிட்டால் குழி தண்ணீர் போல் இருக்கும்.

நோய் அக்காவிடம், சோதனை தங்கையிடம். இதைவிட வசதியான ஏற்பாடு எந்தக் குடும்பத்துக்கு வாய்க்கும் என்று நான் உண்மையாகவே நினைத்தேன். "கொஞ்சம் பொறுத்துக்க அக்கா, எங்க சோதனை வந்ததும் பேர் வந்துடும்," என்று வாக்கும் கொடுத்தேன்.

இந்த இடத்தில் என் முகவரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்தில் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும்; அங்கே யாராவது ஞாபகம் வரும்போது கொடுப்பார்கள். நேர்முகத் தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்து அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதைகள் லயத்துக்கு இரண்டு உண்டு. அதனால் பிள்ளை படிக்கிற வீடுகள் டவுனில் ஒரு கடை முகவரியை வாங்கிக்கொள்ளும். எங்களுக்குத் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் கொடுத்தார். தன் கடைக்கு வரும் கடிதங்களில் பாதி தனக்கில்லை என்று சிரிப்பாரே தவிர, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம்கூட சாரிக் கட்டுகளுக்கு நடுவே கிடந்துதான் எனக்கு வந்தது.

தேவைக்காக வாங்கிய முகவரி. ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒருத்தி "எந்த ஊர்?" என்று கேட்டாள், "பலாங்கொடை டவுன், மெயின் ரோட்" என்று நான் சொன்னேன், அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் நான் மெயின் ரோட்டை விட்டு இறங்கவில்லை. என் சிங்களத்தில் தோட்டத்து வாடை இல்லை. சோறு சாப்பிடும்போது முழங்கையை எங்கே வைப்பது என்பதுவரை கவனித்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாது என்பார்கள். முடியும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வுகூடத்தில் முதல் வருடம் முழுக்கப் புரதத்தோடு மல்லுக்கட்டினோம். மரபணுவைச் செருகினோம், பக்டீரியாவும் விசுவாசமாகச் செய்தது. ஆனால் செய்ததை எல்லாம் கரையாத கட்டியாக உள்ளே பதுக்கி வைத்தது. யூரியாவில் கரைத்து, மெதுவாக யூரியாவை விலக்கி, புரதம் தன் சரியான வடிவத்துக்குத் திரும்புமா என்று காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் திரும்பாது, தயிர் திரிவது போல் வெள்ளையாக அடியில் இறங்கிவிடும். எங்கள் பேராசிரியர், நாங்கள் மேடம் என்று அழைக்கும் சிங்கள அம்மையார், பொறுமைக்குப் பேர் போனவர். ஒவ்வொரு தோல்விக்கும் "ஹரி, நங்கி, திரும்பச் செய்" என்பார். ஹரி என்றால் சரி; தங்கை என்று பொருள்படும் அந்த நங்கியை அவர் கோபத்திலும் விட்டதில்லை.

ஒருவழியாகக் கரைந்து வந்த முதல் புரதம் சுத்தமில்லாதது. பக்டீரியாவின் சொந்தச் சரக்கும் அதில் கலந்திருந்தது. அதோடு சோதித்துப் பார்க்க எங்களுக்கு இரண்டு வகை ரத்தம் வேண்டும். நோய் வந்தவரின் ரத்தம் ஒன்று. அது வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் வந்தது. நோயே வராதவரின் ரத்தம் ஒன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. இந்த இரண்டாவதை உலகத்து ஆய்வுகூடங்கள் எல்லாம் எப்படிப் பெறுகின்றனவோ அப்படியே நாங்களும் பெற்றோம். வேலை செய்கிறவர்களின் கையில் ஊசியைக் குத்தினோம்.

அதற்கு ஒரு படிவம் வேண்டும் என்றார் மேடம். படிவத்தைத் தயாரித்தவள் நான். வயது, காய்ச்சல் வரலாறு, வயலில் வேலை செய்ததுண்டா, தோட்டக் குடியிருப்பில் வாழ்ந்ததுண்டா. எலி அதிகம் உள்ள இடங்களில் வாழ்ந்தவர்களை விலக்குவதற்கான கேள்வி அது. நல்ல கேள்வி. அதை எழுதியதற்காக மேடம் என்னைப் பாராட்டினார். பிறகு ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து அதை நிரப்பினோம். அந்தக் கேள்விக்கு எதிரே நான் "இல்லை" என்று குறியிட்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. பழகிய கை.

ஆறு பேரின் ரத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மஞ்சள் வந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. குடல் பக்டீரியாவுக்கு எதிர்ப்பொருள் எல்லார் உடம்பிலும் உண்டு, எங்கள் புரதத்தில் அந்த அழுக்கு இருந்தது. என் குழியில் மட்டும் மஞ்சள் சற்றுத் தூக்கலாக இருந்தது.

"உன் வயிற்றில்தான் பூச்சி அதிகம், கொத்து ரொட்டியைக் குறை," என்றார் மேடம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு புரதத்தைச் சுத்தம் செய்யும் வழி கைகூடியது. அன்று, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே ஒரு கோடு, பென்சிலால் போட்டது போல. நாங்கள் கேக் வெட்டினோம். புதிய புரதத்தோடு ஆறு பேரின் ரத்தத்தையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். எழுதி வைத்ததோடு சரி. மற்ற ஐவரில் ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தார், இரண்டு பேருக்கு ஊசி என்றால் மயக்கம், மிச்சம் இருவருக்கு எப்போதும் வேறு வேலை. எனக்கு நரம்பு நல்ல தடிப்பு, கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். ஃப்ரீசரில் ஒரு பெட்டி நிறைய என் ரத்தநீர். மெல்ல மெல்ல அதுவே ஆய்வுகூடத்தின் அதிகாரபூர்வமான ஒன்றும் இல்லாத ரத்தம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தட்டிலும் என் குழியைப் பார்த்து, அதன் மஞ்சளைவிட மூன்று மடங்கு மஞ்சள் வந்தால் நோய் உண்டு, குறைந்தால் இல்லை என்று விதி செய்துகொண்டோம். என் குழியில் மஞ்சள் தெரிந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. என் வயிற்றைத்தான் எல்லாருக்கும் தெரியுமே.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான்.

சோதனையை வெளியில் கொண்டுபோய்ப் பார்க்கும் கட்டம் வந்தது. மேடம் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார். பட்டியலில் எங்கள் தோட்டமும் இருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அங்கே போய் வெள்ளைக் கோட்டோடு இறங்கினால் முதலாவது லயத்திலேயே யாராவது என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், "மூக்கு ஒழுகிக்கிட்டு திரிஞ்சவ" என்று வரலாறும் சொல்வார்கள். எனக்குத் தட்டுகளில் வேலை இருக்கிறது என்று சொல்லி, புதிதாகச் சேர்ந்த கொழும்புப் பெண்ணை அனுப்பிவைத்தேன். தோட்டத்தை அவள் அதற்கு முன் பார்த்தது தேயிலைப் பெட்டியின் மேல் உள்ள படத்தில்தான்.

அவள் ஐஸ் பெட்டிகளோடு திரும்பி வந்து, சனம் எவ்வளவு நல்ல சனம் என்று பேசித் தீரவில்லை. ஒரு பெண் சிங்களம் அருமையாகப் பேசினாளாம், மற்றவர்களுக்கெல்லாம் அவளே மொழிபெயர்த்தாளாம். "அவளுடைய தங்கையும் கொழும்பிலே எங்கேயோ வேலை செய்கிறாளாம், மிஸ். எங்கே என்று கேட்டேன், சரியாகத் தெரியாது என்றாள்."

அன்று மாலை அக்கா தொலைபேசியில் அழைத்தாள். "என் நம்பர் நாப்பத்தி மூணு. கையில ஸ்டிக்கர் ஒட்டினாங்க. அந்தப் புள்ளகிட்ட ஒன்னயப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நீ வரலயே. அதுலயே வெளங்கிருச்சு."

நான் வேறு பேச்சுக்கு மாறினேன். வேறு என்ன செய்வது?

தட்டுகளை ஓட்டினேன். எங்கள் தோட்டத்தில் ஒருவருக்குக்கூட ஹன்டா இல்லை. பக்கத்துத் தோட்டங்களிலும் இல்லை. வெளிநாட்டுக் குப்பி மட்டும் பளிச்சென்று மஞ்சளாகி, சோதனை சரியாகத்தான் வேலை செய்கிறது என்று சான்றிதழ் தந்தது. தோட்டத்துக் குழிகளிலும் நிறம் இருந்தது. ஆனால் என் குழியைவிட மூன்று மடங்கு இல்லை. நாற்பத்து மூன்றாம் குழியும் அப்படித்தான். விதி விதிதான். ஒரு தோட்டத்து ஆளுக்கு நோய் வந்தது என்று நாங்கள் ஒத்துக்கொள்ள, அவர் இன்னொரு தோட்டத்து ஆளைவிட மூன்று மடங்கு நோயாளியாக இருக்க வேண்டியிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

அக்காவை நானே அழைத்தேன். மருத்துவர்கள் நல்ல செய்தி சொல்லும் குரலில் சொன்னேன்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லன்னா கால் ஏன் வீங்குது?"

"நின்னுக்கிட்டே வேலை செய்யிறதுனால இருக்கும். உப்பைக் குறை."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தரம் பாத்தேன்."

உண்மைதான், இரண்டு தரம் பார்த்தேன். இரண்டு தரமும் என்னையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

அதன் பிறகு நாலு மாதம் நாங்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். எங்கள் சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களில் இந்த வைரஸ் இல்லை என்பதும் ஒரு கண்டுபிடிப்புத்தான் என்றார் மேடம். இல்லை என்று சொல்வதற்கு எத்தனை பக்கம் தேவைப்படுகிறது என்று எனக்கு வியப்பாக இருந்தது. அக்கா எப்போதாவது அழைப்பாள். காலைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

கட்டுரைக்காகச் சில தட்டுகளைக் கடைசியாக ஒருமுறை ஓட்ட வேண்டியிருந்தது. அந்த வாரம் எனக்குச் சளிக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. பெட்டியில் இருந்த என் ரத்தநீரும் தீர்ந்து போயிருந்தது. கொழும்புப் பெண் சமயோசிதமாகத் தன் கையிலேயே ஊசி குத்தச் சொல்லி, தன் ரத்தத்தை என் இடத்தில் வைத்துச் சோதனையைச் செய்து முடித்திருக்கிறாள். நான் திரும்பிப் போன அன்று மேடத்தின் மேசையில் அந்தத் தட்டு கிடந்தது. அவளுடைய குழிகள் குடிதண்ணீர் போலத் தெளிவு. அவற்றுக்குப் பக்கத்தில் தோட்டத்துக் குழிகள் வரிசை வரிசையாக மஞ்சள். எல்லாம் இல்லை, ஆனால் நிறைய.

அந்தப் பெண் அழும் நிலையில் நின்றாள். "நான் கழுவியது போதவில்லையோ, மிஸ்?"

மேடம் அவளைக் கடியவில்லை. என் பக்கம் திரும்பினார். "கன்டாமினேஷன். நங்கி, நீ வந்துவிட்டாய்தானே, நல்ல நெகட்டிவை வைத்து நீயே திரும்பச் செய்."

நல்ல நெகட்டிவ் என்றது என்னை. நான் தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நாற்பத்து மூன்றாம் குழியைத் தேடினேன். நல்ல மஞ்சள். அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக ஒவ்வொரு தட்டின் மூலையிலும் நான் பார்த்து, வயிற்றுப் பூச்சி என்று சிரித்துக் கடந்த அதே மஞ்சள். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருடம் எனக்கு வந்த காய்ச்சல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்காவும் நானும் படுத்த மூலைக்கு மேலே, கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் எலி ஓடும். அது எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை. மழை பெய்தால் சத்தம் குறையும்.

அப்போது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது மிகச் சுலபம். கையை நீட்டி ஊசியைக் குத்திக்கொண்டு, தட்டைத் திரும்ப ஓட்டினால் போதும். எல்லாரும் சுத்தமாகிவிடுவார்கள். கட்டுரை வெளிவரும். அந்தப் பெண் மட்டும் தன் கை அசுத்தம் என்று நம்பிக்கொண்டு வாழ்வாள், அக்கா மலையில் ஏறுவாள். இதை நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு என்மேல் மதிப்பு வரும். நான் மதிய உணவு முடியும்வரை யோசித்தேன். சோறு இறங்கவில்லை, ஆனாலும் முழங்கை சரியான இடத்தில்தான் இருந்தது.

பிறகு மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"மேடம், நான் நல்ல நெகட்டிவ் இல்லை. நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதுவரை லயத்தில்தான் இருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பன்னிரண்டு வருடம் நான் பயந்து ஒளிந்த முகமாற்றம் இப்போது வரும் என்று காத்திருந்தேன். மாறத்தான் செய்தது.

"எத்தனை தட்டு?" என்றார்.

"எல்லாத் தட்டும்."

"அனே, நங்கி!" தலையில் கை வைத்தார். அவருடைய துக்கம் முழுவதும் தட்டுகளுக்காகத்தான். லயத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. இவ்வளவு கவனமாகக் கட்டிக் காத்த ரகசியத்துக்குச் சந்தையில் மதிப்பே இல்லை. சொல்லப்போனால் மதிப்பு வந்தது, வேறு விதமாக. அரைமணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். வெளிநாட்டுக் குப்பி முடியப் போகிறது, உள்நாட்டில் நிச்சயமாக நோய் வந்த ஒருவரின் ரத்தம் இதுவரை நம்மிடம் இல்லை, உன் கையைக் கொஞ்சம் நீட்டுகிறாயா என்றார். அதே நாற்காலி, அதே நரம்பு. குழாயில் ஒட்டும் துண்டில் மட்டும் வேறு சொல் எழுதினார்கள்.

கொழும்புவாசிகள் இருபது பேரிடம் புதிதாக ரத்தம் எடுத்தோம். இம்முறை படிவத்தை நான் தயாரிக்கவில்லை. புதிய அளவுகோலை வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். எங்கள் தோட்டத்தில் மஞ்சள் வந்தவர்களின் பட்டியல் நீண்டது. நாற்பத்து மூன்றும் அதில் இருந்தது. மேடம் கையெழுத்திட்டுக் கடிதம் தந்தார். அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடப்பிறந்தவளுக்கு நோய் என்று தெரிந்து சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடிதத்தை நானே கொண்டுபோனேன். அக்காவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சிறுநீரகக் கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் கடிதத்தைப் படித்தார். மழைக்காலத்து ரத்தத் தாளையும் அன்று எடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிளினிக் கொப்பியில் பெயரை எழுதினார், நர்சரி வேலைக்குத் துண்டும் எழுதினார். பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: இந்த அம்மாவை நாலு மாதத்துக்கு முன்பே மலையிலிருந்து இறக்கியிருந்தால் நல்லது, இடையில் சிறுநீரகத்தின் வேலை நிறையக் குறைந்துவிட்டது, குறைந்தது திரும்பி வராது.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அக்காவுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

பலாங்கொடை பஸ் நிலையத்தில் தோட்டத்து பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அக்கா துண்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பட்டீஸ் ஒன்றைப் பாதி பிய்த்து எனக்குத் தந்தாள். அங்கே வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, குழி, மூன்று மடங்கு, படிவம்.

"அப்ப என் ரத்தத்தை ஒன் ரத்தத்தோட வெச்சுத்தான் பாத்தியா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"ஒனக்கும் அந்தக் காச்சல் வந்திருக்கு."

"வந்தது எனக்குத் தெரியாதுக்கா."

"காச்சல் வந்தது தெரியாது, சரி. லயத்துல பொறந்தது தெரியும்தானே?"

என் வாயில் பட்டீஸ் இருந்தது. விழுங்கினேன்.

"டிஸ்பென்சரி ஐயா ஒண்ணும் இல்லன்னாரு, நான் நம்பல," என்றாள். "பெரட்டுல அத்தன பேர் முன்னுக்குச் சொன்னாங்க, அப்பவும் நம்பல. எனக்கு என்னமோ இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ போன் எடுத்துச் சொன்ன பாரு, அன்னைக்குத்தான் நம்புனேன். நம்ம புள்ள ரெண்டு தரம் பாத்திருக்கு, அப்ப இருக்காதுன்னு மறுநாள் காலையில கூடையைத் தூக்கிட்டேன்."

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. நான் கையைக் கொடுத்தேன், அவள் பிடித்துக்கொண்டாள். மூன்றே மூன்று படி. அதில் இரண்டு தரம் நின்று மூச்சு விட்டுத்தான் அவளால் ஏற முடிந்தது.